வந்தவரைத் திருப்பி அனுப்பாத வாசல்

நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக் கொண்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் பழைய மாணவர்கள் வரிசையை யார் சொன்னாலும் முதலில் வந்து நிற்கும் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயர்தான். அவரைப் பற்றி நம்ம எல்லாருக்கும் ஒரு பட்டியல் மனப்பாடம். ஆண்கள் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குச் சென்ற முதல் பெண், சட்டசபையின் முதல் பெண் துணைத் தலைவர் என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். வினாடி வினாவுக்கு அது போதும். ஆனால் ஒரு மனுஷியைத் தெரிந்துகொள்ள அது போதாது என்பது என் எண்ணம்.

நான் நம் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, முப்பது வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். பிளஸ் டூ முடித்த பெண்ணை மேலே படிக்க வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு எத்தனையோ அப்பாக்கள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய படிப்பு படித்தால் குடும்பத்துக்கு ஆகாமல் போய்விடுமோ என்பதுதான் அவர்கள் எல்லாருடைய பயமும். அந்தப் பெண்களும் அதே பயத்தோடு வாசல் ஓரமாய் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் நான் சொன்ன கதை அம்மையாரின் கதைதான். அவர் வகித்த பதவிகளை விட்டுவிட்டு, அவர் எப்படிப்பட்ட தாய், எப்படிப்பட்ட தோழி என்பதைத்தான் சொல்வேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பெண்

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. நம் சமஸ்தானத்தின் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்ததும் அதே வருடம்தான். தந்தை நாராயணசாமி ஐயர், நம் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் காலத்தில் இப்படி ஒரு இணைப்பு என்றால் ஊர் என்ன பேசியிருக்கும், உறவு எப்படி விலகியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய வீட்டுப் பிள்ளை என்ற மரியாதையும், இன்னாருடைய மகள் என்ற ஏளனமும் ஒன்றாகவே கிடைத்த குழந்தைப் பருவம் அது.

பெண் குழந்தை வயதுக்கு வந்துவிட்டால் பள்ளியை நிறுத்திவிடுவது வழக்கம். இவருக்கும் அதுதான் நடந்தது. ஆனால் அப்பா விடவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அம்மாவுக்கோ மகளுக்குக் காலா காலத்தில் ஒரு கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்ற கவலை. எந்தத் தாய்க்குத்தான் இருக்காது? தனக்குக் கிடைக்காத குடும்ப அந்தஸ்து மகளுக்காவது கிடைக்க வேண்டும் என்று அந்தத் தாய் நினைத்ததைக் குறை சொல்ல முடியாது. மகள் படிப்பையே பிடித்துக் கொண்டார். 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

அடுத்தது கல்லூரி. ஊரில் இருந்தது நம் கல்லூரி ஒன்றுதான், அதுவும் பையன்களுக்கு மட்டுமே. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. தேவதாசி குலத்துப் பெண் என்ற பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதையெல்லாம் தள்ளிவிட்டு 1904-இல் அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார், உதவித்தொகையும் கொடுத்தார். மூடிய வண்டியில் வந்து, வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டு, மூடிய வண்டியிலேயே வீடு திரும்பினார் அந்தப் பெண். இன்று நம் கல்லூரி வளாகத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்து போகும் பெண் பிள்ளைகளைப் பார்க்கும்போது, அந்தத் திரைக்குப் பின்னால் தனியாக ஒரு பெண் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஒரு உத்தரவை அம்மையார் கடைசிவரை மறக்கவில்லை என்பதே என் கருத்து. தனக்காக யாரோ ஒருவர் ஒரு கதவைத் திறந்து விட்டார். அதற்குப் பிறகு தன்னிடம் வந்து நின்ற யாரையும் அவரால் திருப்பி அனுப்ப முடியவில்லை. அவருடைய வாழ்க்கை முழுவதையும் இப்படித்தான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

டாக்டர் படிப்பும் இல்லறமும்

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பரிசுகளும் பதக்கங்களும் பெற்று, 1912-இல் எம்.பி. அண்ட் சி.எம். பட்டம் வாங்கினார். அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். பிரசவத்தில் பெண்கள் சாதாரணமாகச் செத்துப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டிலேயே மூடி வைத்து உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பெண்களுக்கு இவர் ஒரு வரப்பிரசாதம்.

கல்யாணத்தில் அவருக்கு அவ்வளவாக நாட்டம் இல்லை. டாக்டர் சுந்தர ரெட்டி அவரைக் கேட்டபோது, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். அவரும் ஒப்புக்கொண்டார். 1914-இல், 1872-ஆம் வருடத்து சுதேசித் திருமணச் சட்டத்தின்படி எளிமையாகத் திருமணம் நடந்தது. சொன்ன வாக்கை அந்த மனிதர் காப்பாற்றினார் என்பதற்கு, அடுத்து அம்மையார் செய்த காரியங்களே சாட்சி. பெண்ணின் பெருமையைப் பேசும்போது இப்படிப்பட்ட கணவர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் இல்லையா?

ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு ஆண் பிள்ளைகள். மேல் படிப்புக்கு அரசாங்க உதவியில் 1925-இல் லண்டன் போக வாய்ப்பு வந்தது. பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போகலாம் என்று அவர் நினைக்கவில்லை. கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். லண்டன் செல்சீ மருத்துவமனையில் பெண்கள் நோய்களைப் பற்றிய பயிற்சி, வீடு திரும்பினால் பிள்ளைகள். 1926-இல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டிலும் கலந்துகொண்டார். படிப்பா குடும்பமா என்று கேட்ட அப்பாக்களிடம் நான் இந்தக் கப்பல் பயணத்தைத்தான் முதலில் சொல்வேன்.

தோழியர்

அம்மையாருக்கு வாய்த்த தோழிகள் சாதாரணமானவர்கள் இல்லை. அதே 1886-இல், அவர் பிறந்த சில வாரங்களில், சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறு வயதில் கல்யாணமாகி உடனேயே விதவையானவர். 1911-இல் பட்டம் பெற்று, இளம் விதவைகளைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். பிறகு அந்த விடுதி கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. அந்தப் பெண் பிள்ளைகளுக்கு உடம்புக்கு வந்தால் பார்க்கப் போனவர் முத்துலட்சுமி அம்மையார். ஒருத்தி தேவதாசி மரபின் மகள், ஒருத்தி அந்தணக் குலத்து விதவை. ஊர் உலகம் இரண்டு பேரையும் இரண்டு விதமாக ஒதுக்கி வைத்தது. ஒதுக்கப்பட்ட இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மற்றவர்களைத் தூக்கிவிட்டார்கள். அம்மையார் 1968-இல் மறைந்தார், சகோதரி 1969-இல் மறைந்தார்.

இன்னொருவர் மார்கரெட் கசின்ஸ் அம்மையார். அயர்லாந்திலிருந்து 1915-இல் இந்தியா வந்தவர். 1917-இல் சென்னை அடையாறில் மாதர் இந்திய சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1926-இல் பெண்கள் சட்டசபைக்குப் போகலாம் என்று நிலைமை வந்ததும், அந்தச் சங்கத்தினர் கை காட்டியது முத்துலட்சுமி அம்மையாரை. நன்றாக நடந்துகொண்டிருந்த டாக்டர் தொழில், வளர வேண்டிய பிள்ளைகள். தயக்கம் இருக்கத்தானே செய்யும்? இருந்தாலும் தோழிகள் கேட்டதைத் தட்டவில்லை. சங்கம் நடத்திய ஸ்திரி தர்மம் என்ற பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பையும் பிறகு சுமந்தார். கூட இருக்கிறேன் என்று வாயால் சொல்வது சுலபம், வேலையைத் தோளில் வாங்கிக்கொள்வதுதான் நட்பு.

சட்டசபையில்

நியமன உறுப்பினராகச் சென்னை சட்டசபைக்குப் போனவரை, சபையினர் ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அவர் பேசியதெல்லாம் வீட்டுக்குள் நடக்கும் விஷயங்கள். குழந்தைக் கல்யாணம், பிரசவம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களைக் கடத்தி விற்கும் கொடுமை. ஆண்கள் பட்ஜெட் பேசிக்கொண்டிருந்த சபையில் ஒரு தாய் எழுந்து நின்று பேசியது போல இருந்திருக்க வேண்டும்.

இவற்றில் பெரிது தேவதாசி ஒழிப்பு. சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று போராடினார். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. கோயில் ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்ட இனாம் நிலங்களை ஊழியக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே உரிமையாக்க அது வழி செய்தது. பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-இல் கொண்டு வந்தார்.

இங்கே நம் கல்லூரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சபையில் இந்த விஷயத்தில் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் தீரர் சத்தியமூர்த்தி. திருமயத்தில் 1887-இல் பிறந்து, நம் கல்லூரியில் படித்தவர். நம் கல்லூரியின் இரண்டு பிள்ளைகள், சென்னை சட்டசபையில் எதிரெதிராய்! சத்தியமூர்த்தியின் தேசபக்தியை யாரும் குறைத்துப் பேச முடியாது. மரபு, கோயில் கலை என்று அவர் பார்த்தார். பொட்டுக் கட்டப்படப் போகும் சின்னப் பெண்ணை அம்மையார் பார்த்தார்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசிப் பெண்களிலேயே பலர் சங்கம் கூடி, எங்கள் கலைக்கும் சொத்துக்கும் கேடு வரும் என்று மனுக் கொடுத்தார்கள். 1932-இல் சதிராட்டத்தைக் காப்பாற்ற முனைந்த வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரும் அம்மையாரும் பத்திரிகைகளில் கடுமையாகவே வாதாடினார்கள். அந்தப் பெண்கள் பாடுபட்டு வளர்த்த கலை அவர்கள் கையை விட்டுப் போய் வேறு வீடுகளுக்குப் போனது உண்மை. இன்றைக்கு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதுகிறார்கள், எழுதட்டும், தவறில்லை. ஆனால் அம்மையாருடைய நிலையையும் நினைக்க வேண்டும். வேறு யாருடைய வீட்டுக் கதையையோ அவர் சட்டசபையில் பேசவில்லை. தன் தாய் பிறந்த மரபைப் பற்றிப் பேசினார். ஏளனத்துக்குப் பயந்து மறைத்திருக்கலாம், டாக்டர் என்ற கௌரவத்தோடு ஒதுங்கியிருக்கலாம். செய்யவில்லை. என் மனசுக்கு அது தாய்க்குச் செய்த கடமையாகத்தான் படுகிறது.

1930-இல் உப்பு சத்தியாகிரகத்தின்போது காந்தியடிகளைக் கைது செய்தார்கள். அதைக் கண்டித்து அம்மையார் பதவியைத் தூக்கி எறிந்தார். தான் கொண்டு வந்த மசோதா பாதியில் நிற்கிறதே என்ற கவலை இருந்தும், பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சட்டம் நிறைவேற 1947 வரை, பதினேழு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கதவைத் தட்டிய பெண்கள்

சட்டம் பேசுவது வேறு, ராத்திரி நேரத்தில் கதவைத் தட்டினால் திறப்பது வேறு. 1930-இல் பொட்டுக் கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பித்து வந்த சில இளம் பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். பிராமணப் பெண்களுக்கு ஒரு விடுதி, பிராமணர் அல்லாதார்க்கு ஒரு விடுதி என்று இருந்த காலம். தேவதாசிப் பெண்களுக்கு எங்கேயும் இடமில்லை என்று ஆகிவிட்டது.

அம்மையார் என்ன செய்தார்? வீட்டிலேயே வைத்துக்கொண்டார். வளரும் இரண்டு ஆண் பிள்ளைகள் இருக்கும் வீடு. அக்கம்பக்கத்தார் நாக்கு சும்மா இருந்திருக்குமா? இருந்தாலும் அனுப்பவில்லை. அப்படித்தான் பிறந்தது அவ்வை இல்லம். தமிழ்ப் பாட்டியின் பெயரையே வைத்தார். சாதி, மதம் கேட்காமல் ஆதரவற்ற பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்ட இடம். பிறகு அடையாறுக்குச் சென்று, பள்ளிக்கூடங்களோடு வளர்ந்தது. அங்கே வளர்ந்தவர்கள் ஆசிரியைகளாகவும் நர்சுகளாகவும் ஆனார்கள். பெற்ற பிள்ளை இரண்டுதான், அம்மா என்று கூப்பிட்டவர்களுக்குக் கணக்கில்லை.

சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அவருடைய சகோதரர் மகன் ஒருவர் சிறு வயதிலேயே அப்பாவை இழந்தார். அந்தப் பிள்ளையையும் அவன் தாயாரையும் சென்னைக்கு வரவழைத்து ஆதரித்தார் அத்தை. பையனை ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லத்தில் சேர்த்துவிட்டார். அங்கே யோகாசனமும் சமஸ்கிருதமும் கற்ற அந்தப் பையன் பின்னாளில் யாரானான் தெரியுமா? நம்ம காதல் மன்னன் ஜெமினி கணேசன்! கல்லூரி நாட்களில் அவர் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி பார்க்க ஓடிய நண்பர்கள் இதைப் படித்து ஒரு நிமிடம் சிரித்துக்கொள்ளலாம்.

தங்கைக்காக

அம்மையாரின் மனதில் ஆறாமல் இருந்த புண் ஒன்று உண்டு. அவர் தங்கை ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. சீதபேதி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-இல் தங்கை இறந்தார். கூடப் பிறந்த அக்கா டாக்டர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தங்கை துடித்துத் துடித்துப் போனாள். அந்த வேதனை எப்படி இருந்திருக்கும்!

அழுதுவிட்டு மறந்துவிடுவது உலக வழக்கம். இவர் மறக்கவில்லை. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தில் இருந்தவர்களே நினைத்த காலம். அம்மையார் விடவில்லை. 1949-இல் மாதர் இந்திய சங்கத்தின் தோழியரோடு புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி, மடிப்பிச்சை ஏந்தாத குறையாகப் பணம் சேர்த்தார்.

பணத்தைவிடப் பெரியது ஒன்றையும் கொடுத்தார். தன் இளைய மகனைக் கொடுத்தார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாடு போய்ப் புற்றுநோய் சிகிச்சை பயின்று திரும்பினார். தனியாகத் தொழில் செய்தால் கை நிறையச் சம்பாதித்திருக்கலாம். அம்மா சித்திக்காகத் தொடங்கிய வேலைக்கே தன் ஆயுளை எழுதி வைத்தார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மொத்தம் பன்னிரண்டே படுக்கை. அம்மையாருக்கு அப்போது வயது 67. தங்கை இறந்து 31 வருடங்கள் ஆகியிருந்தன. மறு வருடம் டாக்டர் சாந்தா என்ற இளம் பெண் அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். கிருஷ்ணமூர்த்தி 2010-இலும், சாந்தா அம்மையார் 2021-இலும் மறையும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

1988-இல் என் அத்தைக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அடையாறுக்குத்தான் கூட்டிப் போனோம். புதுக்கோட்டையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போய் விடியற்காலையில் வாசலில் நின்றபோது, எங்களைப் போல மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் வாங்கிக்கொண்டார்கள். அத்தை அதற்குப் பிறகு பதினான்கு வருடம் இருந்து, பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். இந்த ஆஸ்பத்திரியைக் கட்டியது நம்ம ஊர் அம்மா என்று நான் சொன்னபோது, அத்தை நம்பவே இல்லை. பள்ளிக்கூடம் போகாத என் அத்தைக்கும், 1904-இல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்த அந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு உறவு!

நமக்கு அவர் விட்டுச் சென்றது

1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22-ஆம் தேதி, 82 வயது நிறைய இன்னும் எட்டே நாள் இருக்கும்போது, அம்மையார் கண் மூடினார். தமிழக அரசு ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது. பிரசவத்தில் பெண்கள் சாகக் கூடாது என்று சட்டசபையில் வாதாடியவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் இருக்க முடியாது. அவர் பிறந்த நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடவும் 2019-இல் அரசு முடிவு செய்தது.

இந்த மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். அம்மையாருக்கு வீடு வேறு, நாடு வேறு என்று இருந்ததில்லை. தங்கைக்காக அழுத அழுகை ஆஸ்பத்திரி ஆயிற்று. தாயின் தலைக்குனிவு சட்டம் ஆயிற்று. வாசலில் வந்து நின்ற பெண்களுக்குப் போட்ட சோறு இல்லம் ஆயிற்று. பாசம் உள்ளவர்கள் எல்லாரிடமும் உண்டு, அந்தப் பாசத்தை நாலு வீட்டுக்கும் பயன்படும்படி செய்ய அவருக்குக் கை கொடுத்தது படிப்பு. படித்ததனால் அவர் குடும்பத்துக்கு ஆகாமல் போகவில்லை. படித்ததனால்தான் அவருடைய குடும்பம் அவ்வளவு பெரிதாயிற்று.

நம் சங்கத்தின் பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சந்திப்பு நாளில் பழைய கதை பேசி, படம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுக் கலைவது சந்தோஷம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, பணம் கட்ட முடியாமலோ வீட்டில் அனுமதி கிடைக்காமலோ படிப்பை நிறுத்தப் போகும் பெண் ஒருத்தி உங்கள் தெருவில் இருந்தால், இந்த வருடம் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் அவள் அப்பாவிடம் பேசிப் பாருங்கள். பரீட்சைக் கட்டணமோ பஸ் காசோ, முடிந்ததைச் செய்யுங்கள். ஒரு மன்னர் ஒரு பெண்ணுக்குப் போட்ட உத்தரவு எத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு விளக்கேற்றியது என்று பார்த்தோமே. நாம் மன்னர்கள் இல்லை. ஆனால் மன்னர் கல்லூரிப் பிள்ளைகள்தானே!